சௌகரியக் கல்யாணமும் சொல்லாத காதலும்: பாண்டி, கடலூர்ப் பின்னணியில் ஒரு நாவலைக் கட்டும் முறை

இந்த மாதிரி நாவலை எழுத உட்காருகிற பலர் காதலில் இருந்து தொடங்கிவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தில் கடற்கரை, இரண்டாவதில் பிரிவு, மூன்றாவதில் மனசில்லாமல் கழுத்தை நீட்டுவது. நாற்பது பக்கத்தில் கதை தீர்ந்துவிடும். மீதி இருநூறு பக்கத்தை ஏக்கத்தை வைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். கல்யாணத்தில் இருந்து தொடங்குங்கள். அந்தக் கல்யாணத்தால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்கிற கணக்கு பைசா சுத்தமாக இருந்தால்தான் அதற்கு அடியில் கிடக்கிற காதலுக்குக் கனம் வரும். கணக்கு தளர்ந்திருந்தால் வாசகர் முதலில் கேட்பது, "அப்புறம் ஏன் பேசாம அவனோடயே போயிடல?" என்பதுதான். அதற்குப் பதில் இல்லாத நாவல் அங்கேயே விழுந்துவிடும்.

கீழே சொல்லியிருப்பது 80,000 சொல், 40 அத்தியாயம் என்ற அளவுக்கானது. சின்ன நாவல் என்றால் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குத் தாள்

முதல் வாரம் கதை எழுத வேண்டாம். ஒரு முழுத்தாளில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் பெண் வீடு, வலப்பக்கம் மாப்பிள்ளை வீடு என்று தலைப்பிடுங்கள். இரண்டு பக்கத்திலும் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். இந்தக் கல்யாணம் நடந்தால் கைக்கு வருவது என்ன? நடக்காவிட்டால் எது, எந்தத் தேதிக்குள் கையைவிட்டுப் போகும்? வேறு யாரைக் கட்டியிருந்தாலும் இது கிடைத்திருக்குமா? மூன்றாவதுதான் உயிர்நாடி. 'கிடைத்திருக்கும்' என்று பதில் வந்தால் அது பெரியவர்கள் பார்த்துவைத்த சாதாரணக் கல்யாணம். சௌகரியக் கல்யாணத்துக்கு இந்த ஆள்தான் வேண்டும், இந்த மாதத்துக்குள் வேண்டும் என்கிற நெருக்கடி இருக்க வேண்டும்.

புதுச்சேரியை வைத்து எழுதுகிறவருக்கு அந்த நெருக்கடி ஊரிலேயே இருக்கிறது: பிரெஞ்சு நேஷனாலிட்டி. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்று அமலுக்கு வந்த ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள நினைத்தவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 1963 பிப்ரவரி நடுவில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. எழுதிக் கொடுக்காத வீட்டில் ஒரு பெண், எழுதிக் கொடுத்த வீட்டில் ஒரு மாப்பிள்ளை. அன்றிருந்த பிரெஞ்சுச் சட்டத்தில் பிரெஞ்சுக்காரரை மணந்த வெளிநாட்டுப் பெண், கல்யாணம் நடந்த கணத்திலேயே பிரெஞ்சுக்காரி ஆகிவிடுவாள். 1973 ஜனவரியில் வந்த சட்டம் இதை மாற்றியது. அதன்பிறகு ஆணோ பெண்ணோ தனியாக எழுதிக் கேட்க வேண்டும். ஆகவே 1963 கல்யாணமும் 1975 கல்யாணமும் ஒரே கதை கிடையாது. முன்னதில் ஒரு நாளில் எல்லாம் கைக்கு வந்துவிடும். பின்னதில் காத்திருப்பு இருக்கிறது.

இன்றைய காலத்தில் நடக்கிற கதையா? கல்யாணமாகி 4 வருடம் கழித்துத்தான் கேட்க முடியும். பிரான்சில் போதிய காலம் சேர்ந்து வசிக்காதவர்களுக்கு 5 வருடம்கூட ஆகலாம். அத்தனை காலமும் மனத்தாலும் பொருளாலும் சேர்ந்து வாழ்ந்ததாகக் காட்டவும் வேண்டும். மனசில் வேறொருவரை வைத்திருக்கிற பெண், மனத்தாலும் சேர்ந்து வாழ்ந்தேன் என்று கையெழுத்துப் போடுகிற இடம் ஒரு முழு அத்தியாயத்துக்குத் தாங்கும். அதை இரண்டு வரியில் கடக்காதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: சேர்ந்து வாழும் எண்ணமே இல்லாமல் குடியுரிமைக்காக மட்டும் செய்கிற போலிக் கல்யாணம் பிரெஞ்சுச் சட்டத்தில் குற்றம். 5 ஆண்டு சிறை, 15,000 யூரோ அபராதம் வரை போகும். உங்கள் பாத்திரங்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்களா அந்தப் பக்கமா என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். போலிக் கல்யாணம் என்றால் அது பயத்தின் கதை. சௌகரியக் கல்யாணம் என்றால் இரண்டு பேரும் நேர்மையாகக் குடித்தனம் நடத்துகிறார்கள், ஆனால் அது தொடங்கியது ஒரு கணக்கில். பின்னதுதான் ஆழமான நாவல் தரும்.

இனி எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். புஷ்பம், 1944இல் பிறந்தவள், நெல்லித்தோப்பில் கிறிஸ்தவக் குடும்பம். சவரிமுத்து, 1929இல் பிறந்த சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்). 1947இல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா, அல்ஜீரியா என்று அலைந்து, 15 வருட சர்வீஸ் முடித்து 1962இல் பென்ஷனோடு திரும்பியவர். தணிகாசலம், 1940, கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரம்) மல்லாட்டை, அதாவது மணிலா என்கிற நிலக்கடலை மண்டியில் கணக்கு எழுதுகிறவன். புஷ்பம் அத்தை வீட்டில் தங்கிக் கடலூரில் படித்த இரண்டு வருடத்தில் பழக்கம். கல்யாணம் 1963இல். அவளுக்கு வயது 19.

புஷ்பம் பக்கத்துக் கணக்கு: அப்பாவின் கடன் அடையும், தம்பி பிரான்சுக்குப் போக ஒரு கை இருக்கும், கணவருக்குப் பின் பென்ஷனில் பாதி அவளுக்கு வரும். சவரிமுத்து பக்கம்: படுத்த படுக்கையான தாய், கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கை, பூட்டிக் கிடக்கிற வீடு. பிரெஞ்சுச் சட்டத்தில் அப்போது மேஜர் வயது 21. அது 18 ஆனது 1974இல். ஆகவே 19 வயதுப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அப்பா பேனாவை வாங்குகிறார், மை காயும்வரை மகளைப் பார்க்காமல் தாளையே பார்க்கிறார். கடன் எவ்வளவு என்பதை அதற்கு முந்தின அத்தியாயத்தில் ரூபாய்க் கணக்கில் சொல்லியிருந்தால் இங்கே ஒரு வசனமும் தேவைப்படாது.

மூன்று பூட்டு

'ஏன் ஓடிப்போகவில்லை' என்பதற்கு ஒரே காரணம் போதாது. ஒற்றைக் காரணத்தை வாசகர் மனசுக்குள்ளேயே உடைத்துவிடுவார். மதம் மட்டும் என்றால், ரிஜிஸ்டர் ஆபீஸ் இருக்கிறதே என்பார். 1954 சிறப்புத் திருமணச் சட்டம் அதற்குத்தானே. பணம் மட்டும் என்றால், இரண்டு பேரும் வேலைக்குப் போகலாமே. ஆகவே மூன்று பூட்டுப் போடுங்கள். ஒன்றைத் திறந்தால் இன்னொன்று இறுகுகிற மாதிரி இருக்க வேண்டும். மதத்தைத் தாண்டி ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகலாம், ஆனால் 30 நாள் நோட்டீஸ் அலுவலகப் பலகையில் தொங்கும். அந்த முப்பது நாளுக்குள் கடன்காரன் காதுக்குப் போய்விடும். கடன்காரன் வாசலில் வந்து நின்றால் தம்பியின் பயணம் கெடும்.

மூன்று பூட்டும் முதல் 50 பக்கத்துக்குள் வாசகர் கையில் இருக்க வேண்டும். சாதி ஒரு பூட்டாக இருந்தால் அதைப் பொதுவாகச் சொல்லி மழுப்பாதீர்கள். எந்தத் தெருவோடு நிற்க வேண்டும், எந்த வாசலில் தண்ணீர் எப்படிக் கொடுப்பார்கள் என்று காட்டினால் போதும், விளக்கம் வேண்டாம்.

வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பமென்றால் 'ஓலை வாசிப்பு' கையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்று முறை, இன்னாரின் மகளுக்கும் இன்னாரின் மகனுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்கு சாமியாரிடம் சொல்லுங்கள் என்று வாசிப்பார்கள். மூன்றாவது ஓலை அன்று தணிகாசலம் சம்பா கோயில் என்கிற பாண்டிப் பேராலயத்தின் கடைசி வரிசையில் நிற்கலாம். தடை தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் எழுந்து ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பதறுகிற மாதிரி எழுதினால் மெலோடிராமா ஆகிவிடும். அவனுக்குப் பூசை முறை தெரியாது. எப்போது முழங்கால் போட வேண்டும் என்று பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறான், அந்த அவசரத்தில் ஓலை வாசித்ததையே பாதிதான் கேட்கிறான். இப்படி எழுதினால் நிற்கும்.

வயதும் வருடமும்

அடுத்த தாள் வயதுக் கணக்கு. வருடம், மூன்று பேரின் வயது, வீட்டு வருமானம், ரகசியம் யாருக்குத் தெரியும், காகிதம் எதுவும் இருந்தால் அது எங்கே இருக்கிறது. இந்தப் பத்திகளை 1963 முதல் 2011 வரை நிரப்புங்கள். சவரிமுத்து 1996இல் 67 வயதில் இறந்தால் குடித்தனம் 33 வருடம். புஷ்பத்துக்கு அப்போது 52, தணிகாசலத்துக்கு 56. இங்கே வாசகர் இரண்டாவது கேள்வியைக் கேட்பார்: இப்போதாவது சேரலாமே? இதற்கும் பதில் தாளில் இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அவளையே நினைத்துக் கல்யாணம் கட்டாமல் இருந்தான் என்று எழுதுவது சுலபம். ஆனால் அப்படி இருப்பவன் சிலை, மனுஷன் கிடையாது. அவனுக்கு மனைவி, கடன், சர்க்கரை நோய், பேத்தி எல்லாம் கொடுங்கள். அவன் மனைவி நல்லவளாகவும் இருக்கட்டும். அப்போதுதான் 1996க்குப் பின்வரும் 15 வருடத்துக்கு வலு கிடைக்கும்.

அத்தியாயங்களை இப்படிப் பிரிக்கலாம்: கல்யாணத்துக்கு முன் 5, முதல் நான்கு வருடம் 12, 1967 முதல் 1994 வரை 10, கணவரின் நோய்க்காலம் 5, அதன்பின் 8. முதல் நான்கு வருடத்துக்கு ஏன் இத்தனை என்றால், இரண்டு அந்நியர்கள் ஒரு வீட்டைப் பழகிக்கொள்வது அங்கேதான் நடக்கிறது. நடுவில் உள்ள 27 வருடத்தில்தான் பெரும்பாலான நாவல்கள் சரிகின்றன. 'காலம் உருண்டோடியது' என்று ஒரு பாராவில் முடித்துவிடுவார்கள். பத்து அத்தியாயத்துக்குப் பத்து நாட்களைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் ரகசியத்தின் இருப்பிடத்தை மாற்ற வேண்டும்: வீட்டுக்கு வெள்ளையடித்த நாள், டெலிபோன் வந்த நாள், மகளைப் பெண் பார்க்க வந்த நாள், டிரங்குப் பெட்டியைப் பங்காளி வீட்டுக்குத் தூக்கிப் போன நாள்.

ஒளிப்பது ஒரு வேலை

காதலிப்பதைவிட அதை ஒளிப்பதற்குத்தான் அதிக உழைப்பு. அந்த உழைப்பை எழுதுங்கள், காதல் தானாகத் தெரியும். எந்தப் பஸ்ஸில் ஏறினால் தெரிந்தவர் இருக்க மாட்டார், யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தோம், சொன்ன பொய்யை அடுத்த மாதமும் நினைவில் வைத்திருப்பது எப்படி. பாண்டிக்கும் கடலூருக்கும் சுமார் 22 கிலோமீட்டர்தான். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. அப்புறம் ரெட்டிச்சாவடி, பெண்ணையாற்றுப் பாலம், மஞ்சக்குப்பம். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறவனை 48 வருடம் நினைத்தபோதெல்லாம் போய்ப் பார்க்காமல் இருப்பது, கடல் தாண்டி இருக்கிறவனைப் பார்க்காமல் இருப்பதைவிடக் கஷ்டம். காதலனைப் பாரீசுக்கோ சைகோனுக்கோ அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அனுப்பாதீர்கள்.

ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவருக்கு முழுசாகத் தெரியும், இன்னொருவருக்குப் பாதி. பாதி தெரிந்தவர்தான் ஆபத்து. மீதியைத் தாமே இட்டுக்கட்டிக்கொள்வார்.

கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதத்தில்தான் பொய் சீக்கிரம் வெளுக்கும். இன்லேண்ட் லெட்டர் இந்தியாவில் 1950இல் வந்தது. நீல நிறத் தாள், மடித்து ஓரங்களை ஒட்ட வேண்டும். ஓரத்தில் பசை சரியாகப் பிடிக்காமல் போனால் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டுவார்கள்; பிரிக்கும்போது அந்த இடத்தில் எழுத்து பிய்ந்து வரும். உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று தாளிலேயே அச்சிட்டிருக்கும். ஆகவே நாயகி இன்லேண்டுக்குள் காய்ந்த மல்லிகையை வைத்து அனுப்ப முடியாது. அதற்குக் கவர் வேண்டும், கவர் என்றால் கூடுதல் ஸ்டாம்ப். பின்பக்கம் அனுப்புநர் முகவரிக்கு இடம் இருக்கும். அங்கே யார் பெயரை எழுதுவது? ஒரு தோழி பெயரை எழுதினால், அந்தத் தோழி ஒரு நாள் நேரில் வந்து நிற்கும்போது மாமியார், "போன வாரம்தானே லெட்டர் போட்டே?" என்று கேட்பார். அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டாலும் தபால் முத்திரை காட்டிக்கொடுக்கும், கடலூர் ஓ.டி. என்று வட்டத்துக்குள் விழுந்திருக்கும். தபால்காரருக்குக் கையெழுத்தும் பழகிவிடும். இவ்வளவு சிக்கலில் ஒருத்தி ஒரு கடிதத்தை வாங்கினால், அதற்குள் 'நலம், நலமறிய ஆவல்' என்று மட்டும் இருந்தாலே போதும்.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முந்தின கடிதத்தில் 605001 என்று எழுதினால் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். கடலூர் முகவரியில் 1993 வரை தென்னாற்காடு மாவட்டம்தான். எண்பதுகளின் கடைசியில் எஸ்டிடி பூத் வந்துவிட்டது. அங்கே பில் அச்சாகி வரும், கூப்பிட்ட நம்பரும் நேரமும் அதில் இருக்கும். கடலூருக்கான 04142 என்று தொடங்குகிற ஒரு சிட்டை சட்டைப்பையில் கிடந்தால் போதும். டைரியைவிட இது நம்பும்படியான தடயம்.

கணவர்

இந்த நாவலின் உண்மையான சோதனை சவரிமுத்துதான். அவரைக் குடிகாரராக, அடிக்கிறவராக எழுதிவிட்டால் காதலுக்கு நியாயம் கிடைத்துவிடும், நாவல் செத்துவிடும். அவர் கணக்கில் சொன்னதை எல்லாம் செய்கிறவராக இருக்கட்டும். கடனை அடைத்தார், தம்பியை அனுப்பினார், மாதா மாதம் வீட்டுச் செலவுக்குப் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தார். குறை சொல்ல எதுவும் இல்லாத ஆளோடு வாழ்கிறவளுக்கு ரகசியம் இன்னும் பாரம்.

20வது அத்தியாயத்துக்குள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்று அவர் சொல்லக் கூடாது. சொல்லாமல் எப்படிக் காட்டுவது? ஒரு பழக்கத்தை அவர் நிறுத்தட்டும், அல்லது புதிதாக ஒன்றைத் தொடங்கட்டும். இதுவரை கடலூர்க் கல்யாணங்களுக்குக் கூடவே வந்தவர், "நீ போயிட்டு வா, எனக்கு முட்டி வலி" என்கிறார். அடுத்த நாளே கடற்கரையில் வேகமாக நடக்கிறார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை எந்த இடத்திலும் விளக்காதீர்கள்.

அவருக்கும் ஒரு மூடிய பெட்டி இருக்கலாம். இந்தோசீனாவில் வருடக்கணக்கில் இருந்த சொல்தாவுக்குச் சைகோனில் ஒரு வாழ்க்கை இருந்திருக்கலாம். அதை வைத்தால் சமன்பாடு போலத் தெரிகிற ஆபத்து உண்டு: இவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, கணக்குச் சரி. அதைத் தவிர்க்க, அவருடையதைக் கதையின் கடைசிக் கால்பங்குக்குத் தள்ளி, அரைப் பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஜூலை 14 நல்ல நாள். முந்தின இரவு விளக்கு ஊர்வலம், காலையில் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் மரியாதை. பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு வருவார்கள். கணவரின் கோட்டில் மெடல் வரிசையை நேராக்கிவிடுகிற வேலை புஷ்பத்துடையது. அந்த விரல்களை எழுதுங்கள். எந்த மெடல் எந்தப் போருக்கு என்று அவளுக்குத் தெரியும், அதில் ஒன்றைக் குத்தும்போது மட்டும் அவர் கடல் பக்கம் திரும்பிக்கொள்வார் என்பதும் தெரியும். அன்பு இல்லாத வீட்டில் இது நடக்காது. எந்தப் பெயரும் இல்லாத ஒரு அன்பு அந்த வீட்டில் வளர்ந்திருக்கிறது என்று வாசகர் கண்டுபிடிக்கும்போது காதல் கதை இன்னும் சிக்கலாகும். நாவலுக்கு வேண்டியது அதுதான்.

சந்திப்புகள்

கல்யாணத்துக்குப் பின் நேருக்கு நேர் பார்ப்பது மொத்தம் 7 தடவை. தனியாக 2 தடவை. இதற்கு மேல் போனால் ரகசியம் நீர்த்துவிடும். மற்ற ஐந்திலும் மூன்றாவது ஆள் கட்டாயம் இருக்க வேண்டும், அவர் பேசிக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

முதல் வரைவில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"அவனைப் பார்த்ததும் அவள் இதயம் படபடத்தது. பழைய நினைவுகள் அலையலையாய் மோதின."

இந்த இரண்டு வரியும் யாருக்கும் பொருந்தும். அதனாலேயே அடித்துவிட வேண்டியவை. அதே இடம், பெரிய மார்க்கெட்டில், கணவர் பக்கத்தில் நிற்க:

"கடையில் நின்றவர் திரும்பினார். புஷ்பம் பைக்குள் கிடந்த கத்திரிக்காயை எண்ண ஆரம்பித்தாள். 'வாங்கண்ணே, வீட்ல அண்ணி சௌக்கியமா?' என்று கேட்டபோது ஏழு வரை வந்திருந்தாள். 'இருக்காங்கம்மா' என்றார். சவரிமுத்து மணிலாப் பயிர் இந்த வருஷம் எப்படி என்று கேட்டார். அவர் மழையைப் பற்றிச் சொன்னார். புஷ்பம் மறுபடியும் ஒன்றில் இருந்து எண்ணினாள்."

இங்கே வேலை செய்வது 'அண்ணே'. கல்யாணத்துக்கு முன் 'வா, போ' என்று பேசியவனை, கணவர் முன்னால் அண்ணனாக்கி 'வாங்க' போட வேண்டியிருக்கிறது. தனியாகச் சந்திக்கிற இரண்டு தடவையில் எந்தத் தடவை பழைய 'நீ' திரும்ப வருகிறது, யார் வாயில் முதலில் வருகிறது என்று முடிவு செய்துவிட்டுத்தான் அந்த அத்தியாயத்தைத் தொடங்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் அவர்களால் 'நீ' என்று சொல்லவே முடியாமல் போய், வினையை எழுவாய் இல்லாமல் பேசிக்கொள்வதும் நடக்கும்: "சாப்டாச்சா?" "எப்ப வந்தது?" அப்படி ஒரு பக்கம் முழுக்க எழுத முடிந்தால் எழுதுங்கள்.

ஊரை வைப்பது

மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, டூமா தெரு சைக்கிள்: இவை வெளியூர்க்காரர் கண்ணுக்குப் படுகிற பாண்டி. நெல்லித்தோப்பிலும் முதலியார்பேட்டையிலும் வாழ்ந்தவளுக்கு நாள் நகர்ந்தது ஆலைச் சங்கில். கடலூர் சாலையில் இருந்த ரோடியர் மில்லின் சங்கைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள். பெரிய வாய்க்காலின் நாற்றம், ஆடியில் வீராம்பட்டினம் தேர், மாசி மகத்தில் வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்கு வருகிற சாமிகள். கடலூர் பக்கம் கெடிலத்தின் மணல், ஓ.டி. துறைமுகத்தின் கருவாட்டு வாசம். திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் முகூர்த்த நாளில் ஒரே நேரத்தில் பல கல்யாணம் நடக்கும். ஒரு மேளம் இன்னொரு மேளத்தோடு கலந்து எந்தக் கெட்டிமேளம் யாருக்கு என்று குழம்பும். இன்றைய சௌகரியக் கல்யாணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நூறு பேர் நடுவில் யாருக்கும் தெரியாமல் தாலி ஏறிவிடும்.

காலக் குளறுபடி வருகிற இடங்கள் சிலதான், ஆனால் திரும்பத் திரும்ப வரும். மேரி (பழைய நகராட்சி அலுவலகம்) கட்டடம் 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே சாயலில் திரும்பக் கட்டியது. 2008இல் கடலூரில் இருந்து விழுப்புரத்துக்கு ரயில் ஏற முடியாது, அகலப்பாதை வேலைக்காக அப்போது அந்த வழி மூடிக் கிடந்தது. பென்ஷன் 2002க்கு முன் யூரோவில் வராது, பிராங்கில்தான்.

சுனாமி (2004 டிசம்பர் 26), தானே புயல் (2011 டிசம்பர் 30) இரண்டும் இந்தக் கரையில் எழுதுகிறவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இவற்றை வைத்துப் பாத்திரங்களைக் கொல்லாதீர்கள். முடிச்சை அவிழ்க்கத் தெரியாதபோது கடலை வரவழைத்த மாதிரி இருக்கும், உயிர் போன வீடுகளுக்கும் அது அவமரியாதை. தானேவைப் பயன்படுத்த வேண்டுமென்றால் சின்னதாக: ஓடு பறந்துபோன வீட்டில் டிரங்குப் பெட்டி நனைந்துவிட்டது, காகிதங்களைக் காயப் போட வேண்டும், காயப் போடுவது மகள்.

ரகசியம் வெளியே வருகிற வழி

டைரி கிடைப்பது, சாகும்போது சொல்வது, பழைய போட்டோ பாதியாகக் கிழிந்திருப்பது மூன்றும் தேய்ந்துவிட்டன. அலுவலகக் காகிதம் இன்னும் தேயவில்லை. வங்கிக் கணக்கில் நாமினி போடுகிற முறை 1985இல் வந்தது. டெபாசிட்டுக்கு டிஏ1 படிவம். தணிகாசலம் ஒரு சிறு வைப்புத்தொகையில் புஷ்பத்தின் பெயரை நாமினியாகப் போட்டிருக்கிறான் என்று வையுங்கள். அவன் இறந்தபின் மகன் வங்கிக்குப் போகிறான். மேனேஜர் பெயரைப் படித்துவிட்டு, "இவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்கிறார். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்கிற ஆள்தான். வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது. ஆகவே பணம் யாருக்கு என்பதில் சண்டைக்கே இடமில்லை, ஆனால் கையெழுத்துக்கு அவள் வந்தாக வேண்டும். அவன் மனைவியும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டோக்கன் நம்பருக்குக் காத்திருக்கிற காட்சி இதில் இருந்து கிடைக்கிறது. தொகை சின்னதாக இருக்கட்டும். பெரிய தொகை என்றால் வாசகர் கவனம் பணத்துக்குப் போய்விடும்.

எழுதும் வரிசை, திருத்தம்

முதலில் கல்யாண நாள். அடுத்து கணவரின் நோய்க்காலம். பிறகு நடுவருடங்கள், வங்கி. இளவயதுக் காதலைக் கடைசியாக எழுதுங்கள். முதலில் எழுதினால் அதில் சர்க்கரை கூடிவிடும். என்னவெல்லாம் போனது என்று தெரிந்தபிறகு எழுதினால் கை தானாகக் குறைத்துப் போடும். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 700 சொல் என்றால் 23 வாரத்தில் முதல் வரைவு முடியும்.

திருத்தத்தின்போது மூன்று சுற்று. முதல் சுற்றில் தேதியும் வயதும் பணமும் மட்டும். கணக்குத் தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் வருடத்தையும் மூன்று பேர் வயதையும் பென்சிலில் குறியுங்கள். இரண்டாவது சுற்றில் 'ஏக்கம்', 'நினைவலைகள்', 'மௌனம்', 'கண்ணீர்' என்ற நான்கு சொல்லையும் தேடி, ஒவ்வொரு இடத்திலும் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று மாற்றி எழுதுங்கள். முழு நாவலில் நான்கும் சேர்ந்து பத்துத் தடவைக்கு மேல் மிஞ்சினால் இன்னொரு முறை வடிகட்ட வேண்டும். மூன்றாவது சுற்று வசனத்துக்கு. சத்தமாகப் படியுங்கள், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். மாமியார் முன்னால் 'என்னங்க', தனியாக இருக்கும்போது என்ன? குழந்தை பிறந்தபின் 'அவங்கப்பா' ஆனது எந்த அத்தியாயத்தில்? இந்த மாற்றம் ஒன்றிரண்டு இடத்தில் பின்னுக்குப் போயிருக்கும், அதைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு அச்செடுத்து இரண்டு பேரிடம் கொடுங்கள்: அறுபது வயதைத் தாண்டிய பாண்டிக்காரர் ஒருவர், கடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர். கதை பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம். சவரிமுத்துவுக்கு எந்த இடத்தில் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். இருவரும் கணவரின் மரணத்துக்கு முந்தின ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டினால் சரி. ஒரே பக்கமாக இருக்க வேண்டியதில்லை. யாராவது ஒருவர், அவருக்குக் கடைசிவரை தெரியாதே என்றால் 15 முதல் 20 வரையுள்ள அத்தியாயங்களைத் திரும்ப எழுதுங்கள்.